கண்ணு வைக்காத படங்கள்

ஒரு ஊர்ல ஒரு அக்கா இருந்தாங்க, பேரு வடிவு. ம் சொல்லணும். சொல்லலைன்னா கதை அங்கயே நின்னுரும்.

"ம்."

அந்த வடிவக்காவுக்கு என்ன வேலை தெரியுமா? பிள்ளைங்களுக்குக் கதைப் புத்தகம் எழுதுறது. கதை எழுதுறதும் அவங்கதான், படம் போடுறதும் அவங்கதான். ஆனா தெருவுல யாருக்கும் இது தெரியாது. ஒரு பெரிய பெட்டியோட ஆட்டோல வந்து இறங்குனாங்க, டமார்னு கதவைச் சாத்துனாங்க, அவ்ளோதான். "என்ன வேலை பார்க்கறீங்க?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டதுக்கு, "படம் போடுறேன்"னாங்க. வளர்ந்த பொம்பள வீட்டுக்குள்ளயே உட்கார்ந்து படம் போடுறேன்னா யாரு நம்புவா? நீ நம்புவியா?

"மாட்டேன் அத்தை."

அதானே. அப்புறம் பார்த்தா, அந்த அக்கா பண்றது எல்லாமே ஒரு தினுசாதான் இருந்துது. டீக்கடைக்கு வருவாங்க, டீயை உடனே குடிக்காம, அங்க டீ ஆத்துற சுடலை மாமா மூஞ்சியையே வெறிச்சுப் பார்ப்பாங்க. டீ ஆடை கட்டுன பிறகுதான் குடிப்பாங்க. தையக்கார மும்தாஜக்கா கடகடகடன்னு மெஷினை மிதிச்சா, எதிர்ல நின்னு அவங்க காலையே பார்ப்பாங்க. வீட்டுக்காரம்மாவோட கோழி க்கொக் க்கொக்னு போனா, இவங்களும் குனிஞ்சுகிட்டே பின்னாடி போவாங்க. தெரு முழுக்க ஒரே குசுகுசு.

அப்போ ஒருநாள் அவங்க வீட்டுச் சாக்கடைல செவப்பா தண்ணி ஓடுது, சளசளன்னு! "ரத்தம்!"னாரு சுடலை மாமா. "ஐயோ, கோழி இருக்கா பாருங்க"ன்னாங்க மும்தாஜக்கா. கோழி அங்கதான் நின்னு எல்லாரையும் பார்த்துக்கிட்டு இருந்துது. ஆனாலும் ஒருத்தருக்கும் மனசு ஆறலை. பிரஷ் கழுவுன தண்ணின்னு ஒரு ஆளுக்காவது தோணுச்சா? தோணலை.

என்ன, தூங்கிட்டியா? நடிக்காதே, இமை ஆடுது.

"தூங்கலை, சொல்லு."

அப்புறம் சுடலை மாமா என்ன பண்ணாரு, பூனை மாதிரி போய் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாரு. மேஜை மேல அவரு படம்! அதே மீசை, அதே துண்டு, மேல இருந்து டீ சர்ருனு விழுது. ஆனா கண்ணு இல்ல! கண்ணு இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. "ஐயையோ"ன்னு ஓடி வந்துட்டாரு. விடிஞ்சு பார்த்தா அவரு கண்ணு செக்கச்செவேல்னு வீங்கி, பீளை கட்டித் திறக்கவே முடியலை.

அப்புறம் மும்தாஜக்கா, உறைமோர் கேக்கற சாக்குல டம்ளரைத் தூக்கிட்டு உள்ள போனாங்க. மெஷின் இருக்கு, மிதிக்கிற காலு இருக்கு, கழுத்துல தொங்குற டேப்பு இருக்கு. கண்ணு மட்டும் இல்ல. டம்ளரைத் தொபுக்குனு போட்டுட்டு வந்தாங்க. மறுநாள் அவங்களுக்கும் கண்ணு வீங்கிருச்சு.

சுடலை மாமா கண்ணைக் கசக்குன கையோடதான் தெருவுக்கே டீ குடுத்துக்கிட்டு இருந்தாரு. கண்ணுவலி ஒட்டாம என்ன பண்ணும்? ஆனா பழி யாரு மேல? வடிவக்கா மேல. போதாததுக்கு அவங்களும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு வெளியில வந்தாங்க. "நம்ம கண்ணை எல்லாம் எடுத்துட்டு, தன் கண்ணை மறைக்கிறா பாரு"ன்னாரு சுடலை மாமா.

"அப்போ?"

அப்போதான் மூணாவதா, வீட்டுக்காரம்மா மகளுக்கு வந்துது. சின்னப் பொண்ணு. அவ தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வடிவக்கா வீட்டுப் படியில உட்கார்ந்து படம் பார்க்கறவ. ரெண்டு கண்ணும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிச்சு. "அம்மா, எனக்கு ஒண்ணுமே தெரியலை"ன்னு அழுதா. வீட்டுக்காரம்மா பதறிட்டாங்க. பிள்ளைக்குப் பார்வை போயிருமோன்னு பயம். செருப்பு கூடப் போடாம தடதடன்னு போய், தடார்னு கதவைத் தள்ளுனாங்க.

அங்க பிள்ளையோட படமும் இருந்துது. ரெட்டை ஜடை, கிழிஞ்ச பாவாடை நுனி. கண்ணு இல்ல.

"எம் புள்ள கண்ணைக் குடுடி!"ன்னு கத்துனாங்க.

வடிவக்கா பயந்துபோய் எந்திரிச்சாங்க. "அக்கா, நான் யாருக்கும் கண்ணு கடைசியிலதான் வைப்பேன். சாமி சிலைக்கும் கடைசியிலதானே கண்ணு திறக்கறாங்க? யாரு எங்க பார்க்கறாங்கன்னு தெரியாம எப்படிக்கா வைக்கிறது?"

"அப்போ இன்னும் ஏன் வைக்கலை?"

வடிவக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழட்டுனாங்க. எல்லாரையும் விட அவங்க கண்ணுதான் அதிகமா வீங்கியிருந்துது. "நானும் அந்தக் கடை டீதான் குடிச்சேன். அதோட இன்னொண்ணுக்கா. இந்தத் தெருவுல ஒருத்தராவது என்னை நேரா பார்த்திருக்கீங்களா? பாப்பா கூடப் படத்தைத்தான் பார்க்குது, மத்தவங்க எல்லாரும் ஓரக்கண்ணாலதான் பார்க்கறீங்க. அப்படியே வரைஞ்சா பிள்ளைங்க புத்தகத்தைத் திறந்ததும் பயந்துரும்."

வீட்டுக்காரம்மா அதுக்கெல்லாம் அசரலை. "முதல்ல எம் பிள்ளைக்குக் கண்ணு வை. என் முன்னாடி வை. இல்லைன்னா இன்னைக்கே பெட்டியைக் கட்டு."

"பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

அப்புறம் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தாங்க. வடிவக்கா வெந்நீர்ல பஞ்சு நனைச்சு, மெள்ள மெள்ள பீளையைத் துடைச்சாங்க. வீட்டுக்காரம்மா பக்கத்துலயே நின்னு அவங்க கையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, அவ்ளோ சந்தேகம். பிள்ளை ஒரு கண்ணை லேசா திறந்தா. திறந்ததும் வடிவக்காவை நேரா பார்த்தா. வடிவக்கா அதை விடலை. பிரஷை எடுத்து சட்டுனு ஒரு கண்ணு வச்சாங்க. பாதி திறந்த, செவந்த கண்ணு.

பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துட்டு, "அம்மா, இது நான்! எனக்குத் தெரியுதும்மா!"ன்னா.

வீட்டுக்காரம்மா அப்படியே தரையில உட்கார்ந்து அழுதுட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கைச் சிந்திட்டு நிமிர்ந்து, வடிவக்காவை நேரா பார்த்தாங்க. "ம், எனக்கும் வை"ன்னாங்க.

அப்புறம் கண்ணுவலி விட்டதும் தெருவே வரிசையா வந்து உட்கார்ந்துச்சு. சுடலை மாமாவுக்கு மட்டும் எவ்ளோ முயற்சி பண்ணாலும் நேரா பார்க்க வரலை. போனா போகட்டும்னு வடிவக்கா அப்படியே வரைஞ்சுட்டாங்க. உன் தலமாட்டுல ஒட்டுப்போட்ட புத்தகம் இருக்கே, அதுல டீ ஆத்துறவரு எந்தப் பக்கம் பார்க்கறாரு?

"ஓரமா! அத்தை... அதுல ரெட்டை ஜடை போட்ட பொண்ணுக்கு ஒரு கண்ணு செவப்பா இருக்குமே. அது நீயா?"

போர்வையை இழுத்துப் போத்திக்கோ.

"அப்போ கத்துன வீட்டுக்காரம்மா நம்ம ஆச்சியா?"

உஷ்! மெதுவாப் பேசு. அடுத்த ரூம்ல முழிச்சுக்கிட்டுதான் இருப்பாங்க, அவங்களுக்குப் பெத்த மக என் மேலயே இன்னும் நம்பிக்கை கிடையாது. கதைக்குக் கண்ணு திறந்தாச்சு, நீ உன் கண்ணை மூடு.