சட்டத்தின் ஆயுள் முடிந்த நாள்

முன்னொரு காலத்தில் என்றதும் ரொம்பவும் முன்னால் போய்விட வேண்டாம். அரியணையில் ராஜாவும் இருந்தார், தெருவில் சைக்கிளும் வந்துவிட்டது, அப்படி ஒரு காலம். நாட்டின் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகையால் விட்டுவிடுவோம்.

அந்த நாட்டு ராஜா பூபாலவர்மருக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர், அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரியே உத்தரவு போட்டார். "நம் அரண்மனைப் பட்டறையில் நாற்பது சைக்கிள் செய்யுங்கள். அதிகாரிகள் எல்லாரும் இனி சைக்கிளில்தான் வர வேண்டும்!"

பட்டறையின் மணியக்காரர் தீத்தாரப்பர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய கோபம். அவர் மேற்பார்வையில் நாற்பது வண்டி தயாராயிற்று. முப்பத்தொன்பது வண்டிகள் அதிகாரிகளுக்குப் போயின. மிச்சமிருந்த ஒன்றை மகாராணி சொல்லி, மருத்துவச்சி இசக்கியம்மாளுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வண்டியோடும் ஒரு சீட்டு. அதில் ராஜ முத்திரை குத்தி இப்படி எழுதியிருந்தது: "இவ்வண்டியின் சட்டத்துக்கு ஆயுட்கால உத்தரவாதம் உண்டு. சட்டம் முறிந்தால் புதிய சட்டம் தரப்படும்."

சக்கரம், மணி, இருக்கை இவையெல்லாம் பொருத்தியிருக்கும் இரும்புக் கூடு இருக்கிறதல்லவா, அதைத்தான் பட்டறையில் சட்டம் என்பார்கள். படத்துக்குப் போடுகிறோமே, அந்த மாதிரிச் சட்டம்.

அரசவையில் விகடகவி ஒருவர் இருந்தார். பேச்சிமுத்து என்று பெயர். பெயரிலேயே பேச்சு இருக்கும்போது வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் ராஜா பெருமையாக, "நம் நாட்டில் நாற்பது சைக்கிள் ஓடுகிறது!" என்றார்.

"ஒன்றுதான் ஓடுகிறது, மகாராஜா. மற்ற முப்பத்தொன்பதும் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகின்றன" என்றார் பேச்சிமுத்து.

உண்மைதான். அதிகாரிகள் அரண்மனை வாசல்வரை பல்லக்கில் வந்து, வாசலிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள். விழுந்தால் மரியாதை போய்விடுமே! இசக்கியம்மாள் ஒருத்திதான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பிரசவம் பார்க்கச் சுற்றியுள்ள ஏழு ஊருக்கும் மிதித்தாள். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தீத்தாரப்பர் மட்டும் மீசையைக் கடித்துக்கொண்டார். பேச்சிமுத்துவின் மேலும், அந்த ஓடுகிற வண்டியின் மேலும் அவருக்கு அன்றைக்கு வந்த வயிற்றெரிச்சல் பிறகு ஆறவேயில்லை.

ஆறு மாதம் போனது. மேலக்குளத்துப் பாதையில் இசக்கியம்மாள் போய்க்கொண்டிருந்தபோது, இருக்கைக்குக் கீழே 'டொக்' என்றொரு சத்தம். பற்றவைத்த இடத்தில் சட்டம் இரண்டாக முறிந்துவிட்டது. முறிந்த வாயைப் பார்த்தாள். பற்றவைப்பு வெங்காயத் தோல் கனம்கூட இல்லை. ஒரு துண்டைத் தோளில் வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்தாள்.

"சீட்டு இருக்கா?" என்றார் தீத்தாரப்பர்.

இருந்தது. மஞ்சள் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள்.

"கல்லு மேல ஏத்துனியோ?"

"கல்லு இல்லாத ரோட்டை ஐயா காட்டுங்க, அதுல ஓட்டுதேன்."

பட்டறை ஆட்கள் களுக்கென்று சிரித்தார்கள். தீத்தாரப்பருக்கு முகம் சிவந்தது. சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். திடீரென்று மீசை மேலேறியது.

"ஆயுட்காலம்னு போட்டிருக்கு. யாரோட ஆயுள்? ஒன் ஆயுளா, என் ஆயுளா? சட்டத்தோட ஆயுள்! சட்டம் முறிஞ்சு போச்சு. முறிஞ்சதும் அதோட ஆயுள் முடிஞ்சு போச்சு. ஆயுள் முடிஞ்சதும் உத்தரவாதமும் முடிஞ்சு போச்சு. போ, போ!"

இசக்கியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, எனக்காகக் கேக்கலை. மேலக்குளத்துல செம்பகம்னு ஒரு பிள்ளை. மொத ரெண்டு பிரசவத்துலயும் நான் நடந்து போய்ச் சேருறதுக்குள்ள குழந்தை தங்கலை. இது மூணாவது. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. அஞ்சு மைல் ஐயா."

"அப்ப இப்பவே நடக்க ஆரம்பி" என்றார் அந்த மனிதர். இப்படியும் ஒரு வாய்க்குச் சோறு கிடைக்கிறது, என்ன செய்வது!

அவள் அழவில்லை. பேச்சிமுத்து வீட்டுக்கு வந்து, இரண்டு துண்டுகளையும் முற்றத்தில் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். பேச்சிமுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மணியக்காரர் என்ன சொன்னாரோ, அதை அப்படியே இன்னொரு தரம் சொல்லுக்கா" என்றார். சொன்னாள். அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"சட்டத்தோட ஆயுள் முடிஞ்சு போச்சுன்னா சொன்னாரு? நல்லாச் சொல்லியிருக்காரு. நீ கவலைப்படாத. நாளைக்குக் காலையில அரண்மனை வாசல்ல வந்து நில்லு. மேலக்குளத்துக்காரங்களுக்கும் அங்கதான் இருப்பேன்னு சொல்லி அனுப்பிரு."

அவர் உடனே பட்டறைக்குப் போனார். தீத்தாரப்பர் முன்னால் இடுப்பை வளைத்து நின்றார்.

"மணியக்காரரே, தங்கள் தீர்ப்பைக் கேட்டேன். ஆகா! இந்த மூளை எனக்கு இல்லையே என்று வெட்கப்பட்டேன். ஆனால் ஒரு சின்ன யோசனை. இன்று ஒருத்தி வந்தாள். நாளை முப்பத்தொன்பது பேரும் வந்தால் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருப்பீர்களா? எல்லாருக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பாக எழுதி, முத்திரை குத்திவிட்டால் தொல்லை இல்லை."

எதிரியே வந்து புகழும்போது எவனுக்குத்தான் புத்தி வேலை செய்யும்? தீத்தாரப்பர் எழுதுகோலை எடுத்தார். "வண்டிச் சட்டத்தின் ஆயுள்..." என்று தொடங்கினார்.

"வண்டி என்று போட்டால் மாட்டு வண்டிக்காரனும் வந்து நிற்பானே!" என்றார் பேச்சிமுத்து.

"அதுவும் சரிதான்." அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார்: "இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது. சட்டத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. இனி அதன் பேரால் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது." கீழே ராஜ முத்திரையை ஓங்கி ஒரு குத்து.

மறுநாள் விடிந்ததும் ஊரில் தண்டோரா. டம் டம் டம்! பேச்சிமுத்து தாளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறார். பின்னால் வாழை மட்டையில் கட்டிய பாடையில் ஏதோ ஒன்று வெள்ளைத் துணி மூடிப் போகிறது. தெருவுக்குத் தெரு நிறுத்தி, ஒரு எழுத்துகூட மாற்றாமல் படித்தார். ராஜ முத்திரையைத் தூக்கிக் காட்டினார்.

"என்னது, சட்டம் போய்ச் சேர்ந்துருச்சா?"

"ராஜாவே முத்திரை குத்தியிருக்காருல்லா!"

சிறிது நேரம் ஊர் திகைத்து நின்றது. பிறகு ஒரு கிழவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராஜாவின் தாமரைக் குளத்தில் தொபுக்கென்று குதித்தார். அவ்வளவுதான். சுங்கச்சாவடிக்காரன் தடியைப் போட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குக் கிளம்பினான். சிறைக்காவலன் கதவைத் திறந்து வைத்தான்; உள்ளே இருந்தவர்கள், "காலைக் கஞ்சி குடிச்சிட்டுப் போகலாமா?" என்று கேட்டார்கள். அரண்மனைத் தோட்டத்தில் ஆடுகள் மேய்ந்தன. தீத்தாரப்பர் வீட்டு ஊஞ்சலில் முன்பின் தெரியாத ஏழு பேர் உட்கார்ந்து ஆடினார்கள். அவர் போர்வை போர்த்தி வைத்திருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருக்கோடி நாவிதர் ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார்.

அரண்மனையில் ஒரே அமளி. ஆட்டைத் துரத்திய களைப்பில் ராஜா வியர்த்து வழிந்துகொண்டு அரியணைக்கு வந்தார். பேச்சிமுத்துவையும் பாடையையும் கொண்டு வந்தார்கள். நாவிதரிடமிருந்து பிடுங்கிய சைக்கிளையும் சாட்சிப் பொருளாகச் சபையில் நிறுத்தினார்கள். வாசலில் நின்றிருந்த இசக்கியம்மாளும் உள்ளே வந்து ஓரமாக நின்றாள்.

"பேச்சிமுத்து! சட்டம் செத்துவிட்டது என்று ஊரெல்லாம் பறையடித்தீராமே. உமது தலை கழுத்தில் இருக்க வேண்டுமா, வேண்டாமா?"

"இருந்தால் நல்லது, மகாராஜா. ஆனால் சொன்னது நான் அல்ல. படித்தது மட்டுமே நான்." அவர் தாளை நீட்டினார்.

ராஜா படித்தார். தம் முத்திரையைப் பார்த்தார். தீத்தாரப்பரைப் பார்த்தார்.

"மகாராஜா! நான் சொன்னது சைக்கிள் சட்டத்தை!" என்று அலறினார் தீத்தாரப்பர்.

"சைக்கிள் என்ற சொல் இதில் எங்கே இருக்கிறது?"

"வண்டி என்று எழுதப் போனேன், இவர்தான் வேண்டாம் என்றார்!"

"எழுதியது யார் கை?" என்றார் ராஜா. தீத்தாரப்பர் தம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பேச்சிமுத்து பாடையின் துணியை விலக்கினார். முறிந்த சட்டம் இரண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் இசக்கியம்மாளின் சீட்டை வைத்தார். நடந்ததை நாலு வரியில் சொன்னார்.

"மகாராஜா, சீட்டு இரண்டு, முத்திரை ஒன்று. முதல் சீட்டில் சட்டம் முறிந்தால் புதியது தரப்படும் என்றிருக்கிறது. அது உண்மை என்றால் சட்டம் பிழைத்துவிடும். இந்த அம்மாளும் வண்டி ஏறுவாள். இல்லை, மணியக்காரரின் சீட்டுத்தான் உண்மை என்றால் நாட்டில் சட்டம் இல்லை. சட்டம் இல்லாத ஊரில் மணியக்காரர் ஏது, மணியம் ஏது? அதற்கு மேலே இருக்கும் பதவியைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்."

சபையில் யாரோ இருமினார்கள். ராஜாவின் கை தானாகக் கிரீடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"முறியாத வரைக்கும் உத்தரவாதம், முறிந்தால் கிடையாது என்கிறார் இவர். மழை வந்ததும் தானே மடங்கிக்கொள்ளும் குடையை யார் வாங்குவார்கள், மகாராஜா?"

ராஜாவுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தொந்தி குலுங்கியது. பிறகு சபையே அதிரச் சிரித்தார். "முதல் சீட்டே செல்லும்! தீத்தாரப்பரே, புதிய சட்டம் செய்யும். பற்றவைத்த இடம் இந்தக் கட்டைவிரல் கனம் இருக்க வேண்டும். செய்து முடித்து, ஏழு ஊருக்கும் நீரே ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் இந்த அம்மாளிடம் கொடுக்க வேண்டும். இசக்கியம்மாள், இப்படி வா. உனக்கு நேர்ந்த துன்பத்துக்காக இந்தப் பட்டுச் சால்வையை..."

அப்போது வாசலில் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "மேலக்குளம்... செம்பகத்துக்கு வலி எடுத்துருச்சு!"

இசக்கியம்மாள் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். சபை நடுவில் தீத்தாரப்பரின் சைக்கிள் பளபளவென்று நின்றது. சேலையை வரிந்தாள், தாவி ஏறினாள், மணியை அடித்தாள். மந்திரிகள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். சால்வையைப் பிடித்த கை பிடித்தபடி இருக்க, ராஜா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தாமரைக் குளத்துக் கிழவர்கூட ஈரத் துணியோடு வாசலில் காத்திருந்தார். பேச்சிமுத்து வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அவர் அப்படி இருந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மணிச் சத்தம் கேட்டது. இசக்கியம்மாள் இறங்கி, சைக்கிளைத் தீத்தாரப்பர் கையில் கொடுத்தாள்.

"நல்ல வண்டி ஐயா. ஓட்டித்தான் பாருங்களேன்."

"குழந்தை?" என்றார் ராஜா.

"ஆம்பளப் பிள்ளை மகாராசா. போட்ட சத்தத்துல கூரை பறந்து போச்சு. தாயும் சுகம். உங்க சபையில நடந்ததைச் சொன்னேன், தாயும் தகப்பனும் சிரிச்சு, அந்த எடத்துலயே பேரும் வச்சிட்டாங்க."

"என்ன பெயர்?"

"சட்டநாதன்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. சால்வையை இசக்கியம்மாளுக்குப் போர்த்தினார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பேச்சிமுத்துவின் கழுத்தில் போட்டு, அவரைக் கட்டிக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.