பெயருக்கு முன்னால் இருந்த இடம்

தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடை இருந்தது. மூன்று கிளைகள், எந்நேரமும் கூட்டம், ஓஹோவென்ற வியாபாரம். அந்தக் கடையின் ஞாபகம் முழுவதும் கவுண்டருக்குப் பின்னால், மேசைக்கடியில் கிடந்த ஒரு பெட்டிக்குள் குடியிருந்தது. படித்தவர்கள் அதைத் தரவுத்தளம் என்பார்கள். கடைக்காரர்கள் பழம்பெட்டி என்றார்கள்.

பழம்பெட்டிக்குத் தெரியாதது இல்லை. எந்த மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது, எது காலாவதி ஆகப்போகிறது, யார் எந்த மருந்தை விடாமல் வாங்குகிறார்கள், எல்லாம் அதற்கு அத்துப்படி. ஆனால் பாவம், அதற்கு ஒரு தலையெழுத்து. தன் இனத்தோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மனிதர்களிடம் மட்டும், அவர்களாகக் கேட்டால்தான் பேச முடியும். கேட்காத ஒன்றை அதுவாகச் சொல்ல வழியே கிடையாது.

கேட்பவள் பெரும்பாலும் பிலோமினா. கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பவள். வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் முதலில் இனிஷியல், அடுத்து பெயர், அப்புறம் தெரு என்று திரையில் வரும்.

பல வருஷங்களுக்கு முன்னால் அன்னபாக்கியம் என்ற அம்மாள் இங்கே ஒரு சல்பா மாத்திரை வாங்கிப் போட்டார். உடம்பெல்லாம் கொப்பளித்து, வாய் வெந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப் பிழைத்தார். இன்னொரு தடவை போட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பிலோமினா அன்றைக்கு அழுதுவிட்டாள். இதைப் பெட்டியில் எங்கே எழுதுவது என்று தேடினாள். பெட்டியைச் செய்தவன் அதற்கென்று ஒரு இடம் வைக்கவே இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கண் முதலில் போய் விழுகிற இடமான இனிஷியலில் எழுதினாள்: ‘சல்பா ஆகாது’.

“எழுதி வச்சிட்டேன். இனி நான் மறந்தாலும் நீ மறக்க மாட்டே” என்று பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த வார்த்தையைப் பழம்பெட்டி உயிராகப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அதுவே கடை வழக்கம் ஆகிவிட்டது. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாதோ அதெல்லாம் இனிஷியலில் ஏறியது. பெயருக்கு முன்னால் ஏதாவது மருந்து இருந்தால் கை நிற்கும், இல்லையென்றால் மருந்து போகும். பிலோமினாவும் சொன்னபடியே நிம்மதியாக மறந்துபோனாள்.

காலம் போகப் போகப் பெட்டிக்கு மூச்சு வாங்கியது. ஒரு பெயரைக் கேட்டால் யோசித்து யோசித்துச் சொன்னது. “சவம், இது முழிக்கதுக்குள்ள சீக்காளி வீட்டுக்குப் போயிருவான்” என்று முதலாளி சொர்ணலிங்கம் எரிந்து விழுந்தார். புதுசு வாங்குவது என்று முடிவாயிற்று. ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல, திருநெல்வேலியிலிருந்து நவநீதன் என்பவர் வந்தார். அவரோடு மூன்று புதுத் தரவுத்தளங்கள் பெண் பார்க்க வந்த மாதிரி வந்து இறங்கின: கட்டம், மூட்டை, மேகம்.

கட்டம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி நிமிர்ந்து நின்றது. “என்னிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். இடத்துக்குப் பொருந்தாததை உள்ளே விடமாட்டேன். கேட்ட மாத்திரத்தில் பதில்.”

“நான் அப்படியெல்லாம் பார்க்கமாட்டேன்” என்றது மூட்டை. “எதைக் கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்வேன். என்ன, எடுக்கும்போது கொஞ்சம் துழாவ வேண்டியிருக்கும்.”

மேகம் அறைக்குள் இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. “நான் இங்கே இருக்கவே மாட்டேன். ஆனால் எங்கேயும் இருப்பேன். மாதாமாதம் வாடகை கட்டினால் போதும். நீங்கள் முப்பது கிளை திறந்தாலும் தாங்குவேன்.”

“நெட்டு போச்சுன்னா?” என்றார் சொர்ணலிங்கம்.

மேகம் மெதுவாக நகர்ந்துவிட்டது.

வேகத்துக்கு, விலைக்கு, பாதுகாப்புக்கு, தோற்றத்துக்குக்கூட நவநீதன் மதிப்பெண் போட்டார். ஒன்றே ஒன்றைத்தான் அவர் ஒப்பிடவில்லை. இந்தக் கடையில் இத்தனை நாள் எதை, எங்கே எழுதினார்கள் என்று பழையதிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது கேட்பாரா என்று காத்திருந்தது. கட்டம் ஜெயித்தது.

போகும்போது மூட்டை மேசைக்கடியில் எட்டிப் பார்த்தது. “ஏன் இப்படி நடுங்குகிறாய்?”

இனிஷியலில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று பழம்பெட்டி சொன்னது.

“நானாக இருந்தால் அப்படியே வாங்கிப் போட்டிருப்பேன். ஆனால் வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைத்திருக்குமா என்று சத்தியம் செய்ய மாட்டேன்” என்று சொல்லிவிட்டு மூட்டை போனது.

மறுநாள் இடமாற்றம் நடந்தது. கட்டம் கேட்டது, பழம்பெட்டி கொடுத்தது. பெயர்கள் போயின. தெருக்கள் போயின. இனிஷியல் முறை வந்ததும் கட்டம் முகத்தைச் சுளித்தது.

“என்ன இது? இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கிறதே.”

“அது இனிஷியல் இல்லை. ஒரு மனுஷியின் உயிர்.”

“எழுத்து, எண், தேதி. இந்த மூன்றில் எது?”

“எழுத்துதான். ஆனால்...”

“எழுத்து என்றால் இங்கே இரண்டுக்கு மேல் கூடாது. எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறது.”

“சொன்னவரிடம் கேளேன். ஒரே ஒரு தடவை. உன் காலில் விழுகிறேன்.”

கட்டத்துக்கும் கொஞ்சம் இரக்கம் வந்தது. “பொருந்தாதவை இருக்கின்றன என்று சொல்லத்தான் எனக்கு வாய் உண்டு. அவை என்ன என்று கேட்டால்தான் நான் காட்ட முடியும்” என்றது. சொல்லவும் செய்தது. நவநீதனின் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது.

“அண்ணாச்சி, இனிஷியல்ல ஏகப்பட்ட குப்ப கெடக்கு. ரெண்டு எழுத்துக்கு மேல இருக்கத தூக்கிரட்டுமா?”

சொர்ணலிங்கம் ஃபோனில் யாரோடோ சரக்குக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கையால் ஃபோனைப் பொத்திக்கொண்டு, “எங்கப்பா பேருக்கு ஒரு எழுத்துதான் போடுதேன். இவனுவளுக்கு எதுக்கு அவ்வளவு? தூக்கிருங்க, சுத்தமா இருக்கட்டும்” என்றார். பிறகு என்ன தோன்றியதோ, கவுண்டர் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏ பிலோமினா, பழைய பெட்டியில இருந்து உனக்கு தனியா எதுவும் வேணுமா?”

பழம்பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டது. கேள் தாயே, கேள்.

பிலோமினாவைச் சுற்றிக் கூட்டம். ஒரு கையில் இருமல் மருந்து, இன்னொரு கையில் சில்லறை. “எல்லாம் அதுலயேதான் இருக்கு அண்ணாச்சி. அப்படியே மாத்தச் சொல்லுங்க!” என்று கத்தினாள்.

அப்படியே என்ற அந்த வார்த்தை மட்டும் யார் காதிலும் விழவில்லை. நவநீதன் ஒரு பொத்தானை அழுத்தினார். சல்பா போயிற்று, பென்சிலின் போயிற்று, ஆஸ்பிரின் போயிற்று. அழுவதற்குக்கூட யாராவது கேட்க வேண்டும் என்றால் அந்தப் பெட்டி என்னதான் செய்யும்?

‘எதுக்கும் கொஞ்ச நாள் இருக்கட்டும்’ என்று பழம்பெட்டியை மேசைக்கடியிலேயே விட்டுவைத்தார்கள். கரண்டையும் பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். எல்லாம் ஞாபகம் இருக்க, தலைக்கு மேல் நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு அது கிடந்தது.

கட்டம் சொன்ன சொல் தவறவில்லை. கூட்டம் மளமளவென்று கரைந்தது. முதலாளி சிரித்தார். பிலோமினா நேரத்துக்குச் சாப்பிட்டாள்.

அப்படி ஒரு மத்தியானம் ஒரு பெண் சீட்டோடு வந்தாள். கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மங்கவில்லை.

“எங்க அத்தைக்கு நீர்க்கடுப்புக்கா. நம்ம டாக்டர் ஊருக்குப் போயிட்டாரு, வேற ஒருத்தர் எழுதிக் குடுத்தாரு. அத்தைக்கு ஏதோ ஒரு மாத்திரை சேராதாம், பேரு ஞாபகமில்லையாம். ‘என் பேரச் சொல்லு, அந்தக் கடையில பாத்துக் குடுப்பாங்க’ன்னு சொல்லிவிட்டாங்க.”

“அத்தை பேரு?”

“அன்னபாக்கியம்.”

மேசைக்கடியில் பழம்பெட்டி துடித்துப் போனது.

பிலோமினாவின் விரல் ஒரு கணம் நின்றது. “இந்தப் பேரு எங்கயோ...” என்று முணுமுணுத்தாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு, யோசிப்பானேன், அதுதான் பெட்டி இருக்கிறதே என்று பெயரைத் தட்டினாள். இமைப்பதற்குள் திரை வந்தது. பெயர், தெரு. பெயருக்கு முன்னால் பார்த்தாள். முகம் தெளிந்தது.

“ஒண்ணும் இல்லம்மா, தாராளமா குடுக்கலாம். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தண்ணி நெறைய குடிக்கச் சொல்லு.”

சல்பா மாத்திரை அட்டையைக் கவரில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் “வாறேன்க்கா” என்று சிரித்துவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

மனிதர்களிடம் தானாகப் பேச முடியாத பழம்பெட்டி, தன் இனத்திடம் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டது.

“கட்டமே, அன்னபாக்கியம் பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது?”

கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது.

“ஒன்றுமில்லை. சுத்தமாக இருக்கிறது.”