பூஜ்யத்துக்கு முதலிடம்

கோவில்பட்டியில் ஒரு நூலகத்தின் மாடியில் காஜா மைதீன் சனிக்கிழமைதோறும் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு வயது இருபத்தாறு. அவரிடம் படிக்க வந்தவர்களிலேயே மூத்தவர் ஹெப்சிபா டீச்சர். ஐம்பத்து மூன்று வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். தன் வயதில் பாதிகூட ஆகாதவரைக் கூச்சமில்லாமல் சார் என்று கூப்பிட்டுக்கொண்டு எப்போதும் முதல் பெஞ்சில் உட்காருவார்.

அந்தச் சனிக்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தலை நிமிரவே இல்லை.

சார் பக்கத்தில் போய் நின்றார். புரோகிராம் தப்பாகப் போய்விட்டது என்றார் டீச்சர். மீதி விஷயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது.

வியாழக்கிழமை பள்ளியில் வினாடி வினா. சரியான பதிலுக்கு இரண்டு மார்க், தப்பான பதிலுக்கு ஒன்று கழிப்பார்கள். கேள்விகளைத் தயாரித்தவர் தலைமையாசிரியர். பிள்ளைகளுக்காகத் தயாரித்தாரா, தன் படிப்பைக் காட்டத் தயாரித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். கடைசிச் சுற்றில் நாலு பிள்ளைகள். நாலு பேருமே பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டார்கள். மைனஸ் ஐந்து, மைனஸ் ஏழு, மைனஸ் இரண்டு, மைனஸ் ஒன்பது.

முதல் மார்க்கைக் கண்டுபிடிக்கும் புரோகிராமை டீச்சர் எழுதி வைத்திருந்தார். தானே எழுதியது என்று மைக்கில் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் அதை ஓடவிட்டார். முதல் மார்க் பூஜ்யம் என்று வந்தது. பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது.

நாலே நாலு எண்கள். கண்ணால் பார்த்தாலே தெரிந்திருக்கும். பெருமை தலைக்கேறியிருந்ததால் டீச்சர் பார்க்கவில்லை. யாருக்கும் முதல் பரிசு இல்லை என்று அறிவித்துவிட்டார்.

அதற்குள் பேச்சியம்மாள் எழுந்துவிட்டாள். அந்த நாலு பேரில் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு. எல்லார் மார்க்கையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தவள். ரிப்பனைச் சரிசெய்துகொண்டு கோப்பையை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள்.

"உனக்கில்லம்மா, போய் உட்காரு" என்றார் டீச்சர், மைக்கிலேயே.

முந்நூறு பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் பேச்சியம்மாள் பள்ளிக்கு வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான், நாலில் பெரியது மைனஸ் இரண்டு என்று டீச்சருக்கு உறைத்தது. கணக்கு டீச்சர் என்று சொல்லிக்கொள்ளவே அவருக்குக் கூசியது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"இங்க நல்லாத்தான ஓடிச்சு சார். பன்னெண்டு, நாப்பத்தஞ்சு, முப்பதுன்னு போட்டோம், சரியாச் சொல்லிச்சு. அங்க மட்டும் ஏன் இப்படிச் செஞ்சுது?"

அன்றைக்கு அதைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் சார்தான். அவர் முகமும் கொஞ்சம் மாறியது. அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"இந்த ரூம்ல யாரு ரொம்ப உயரம்னு கண்டுபிடிங்க டீச்சர்."

டீச்சர் எழுந்தார். கதவோரம் இருந்த தையற்கடை அந்தோணியை நிற்கச் சொன்னார். அடுத்தவரை அவர் பக்கத்தில் நிறுத்தினார். குட்டையானவரை உட்காரச் சொல்லிவிட்டு அதற்கடுத்தவரைக் கூப்பிட்டார். ஒன்பது பேர் வந்துபோன பிறகு லாரி செட்டில் வேலை பார்க்கும் துரைப்பாண்டி மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"முதல்ல யாரை நிக்க வச்சீங்க?"

"அந்தோணியை."

"அவரு உயரமா இருப்பாருன்னா?"

"இல்ல சார். இருக்கிறவங்கள்ல யாராவது ஒருத்தர்கிட்ட ஆரம்பிக்கணும்லா."

சார் டீச்சருடைய மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். புரோகிராமின் முதல் வரியில் விரலை வைத்தார். பெரியது = 0 என்று இருந்தது. அதைவிடப் பெரிய மார்க் வந்தால்தான் மாற்ற வேண்டும் என்று அடுத்த வரி சொன்னது.

"இந்தப் பூஜ்யம் எந்தப் பிள்ளை வாங்குன மார்க் டீச்சர்?"

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. பூஜ்யத்தை அழித்தார். அந்த இடத்தில் பட்டியலில் முதலில் இருந்த பிள்ளையின் மார்க்கையும் பெயரையும் வைத்தார். மறுபடி ஓடவிட்டார். மைனஸ் இரண்டு, பேச்சியம்மாள் என்று வந்தது.

அந்தப் பெயரைப் பார்த்ததும் அவர் அழுதுவிட்டார். மற்றவர்கள் தங்கள் மடிக்கணினியில் ஏதோ வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் கேட்டார்.

"நாளைக்கு அவ வீட்டுக்கே போய்க் கோப்பையைக் குடுத்துருதேன் சார். ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்டுக்கிடுதேன். அது போதும்லா?"

சார் மடிக்கணினியை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"உட்காருன்னு எதுல சொன்னீங்க டீச்சர்?"