பண்ணாடிக்கு ஏறிய பிரஷர்

தோட்டத்து முதலாளி, பண்ணாடி நாச்சிமுத்துவுக்குப் பங்காளிக் காய்ச்சல். அடுத்த காட்டில் பங்காளி தெய்வசிகாமணியின் புது டிராக்டர் ஒன்பது கொழுக் கலப்பையை இடுப்பு உயரம் தூக்கி நிறுத்துகிறது. இவருடைய பழைய வண்டியோ முழங்கால் உயரத்துக்கே முக்கி முனகுகிறது. வயிறு எரியாதா?

டிரைவர் குப்பணனைப் பிடித்துக்கொண்டார். "ரிலீப் வால்வுத் திருகை முழுசா இறுக்குடா. கலப்பையைத் தூக்கற ஆயில் பிரஷர் ஏறட்டும். அவனுதைவிட ஒரு சாணாவது உசரம் தூக்கோணும். இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதே!"

வெடிப்பு விட்டிருந்த ஆயில் ஓஸ் பைப்பைக் குப்பணன் தடவிப் பார்த்தான். புதுசு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவன் அவன்.

"இறுக்கிடறனுங்க. ஆனா தூக்கறப்ப பண்ணாடி இந்தப் பைப்புகிட்ட நிக்கோணுமுங்க. யாரு வண்டின்னு அந்தக் காட்டுக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

மீசையைத் தடவியபடி வந்து நின்ற பண்ணாடிக்குச் சந்தேகம் தட்டியது. "பிரஷர் தாங்காம பைப்பு வெடிச்சுருச்சுன்னா?"

"அப்பவும் கவலையில்லீங்க. கலப்பை ஏறாட்டியும், பங்காளியைவிட உசரத்துக்கு நீங்க போயிருவீங்க."

திருகை இறுக்கவிடாமல் பண்ணாடி அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாளே புது பைப்பும் சீலும் வந்தன. திருகை யாரும் தொடவில்லை. ஆயில் கசிவு நின்றதுமே கலப்பை இடுப்பு உயரம் ஏறியது.

பண்ணாடி ஒன்றுதான் கேட்டார்: "அவன் பைப்பைவிட நம்முது ஒரு சாண் நீளந்தானே?"