சேங்கொட்டைக் குறி

"அந்த ஆள் அசல் இல்லை சாமி. இன்னிக்கே அனுப்பிடுங்க."

சொன்னவர் ஏகலிங்கம். ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றுத் துறவுக்கு வந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். மடத்து வாசலில் காவல். பழைய புத்தி போகவில்லை.

அந்த ஆள் என்றது புதிதாக வந்த சொரிமுத்துவை. ஊரைக் கேட்டால் சிரிப்பான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"காவி கட்டியிருக்காரே," என்றார் குரு.

"காவி கடையில கிடைக்குது சாமி. போலீஸ்ல தோள்ல பட்டை இருக்கும். இன்சிக்னியாம்பாங்க. அகராதியில பார்த்தேன், லத்தீன் வார்த்தையாம். சிக்னம்னா அடையாளம். ரோமாபுரிப் படைக்கு முன்னால கம்பத்துல தூக்கிட்டுப் போனதுக்கும் அதுதான் பேராம். அப்படி ஒண்ணு நமக்கும் வேணும்."

"அது போட்டிருக்கிறவருக்கா, பார்க்கிறவங்களுக்கா?"

"பார்க்கிறவங்களுக்குத்தான். தன் தோளைத் தானே யாரு பார்க்கிறா?"

"சரி. நீங்களே போடுங்க. அசல்னு தோணுறவங்க துணிக்கு மட்டும்."

ஏகலிங்கம் சேங்கொட்டை வாங்கி வந்தார். சலவைக்காரர்கள் துணிக்குக் குறி போடும் கொட்டை. அதன் சாறு எத்தனை துவைத்தாலும் போகாது. குச்சியால் தொடுங்கள், மேலே பட்டால் வெந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். இவன் ஏன் இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறான் என்று ஏகலிங்கத்துக்கு அவர்மேலும் சந்தேகம்.

துணி காயும் நேரத்தில், யாருக்கும் தெரியாமல், விரலாலேயே தொட்டு வைத்தார். எல்லார் காவியிலும் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி. சொரிமுத்துவின் துணியில் மட்டும் இல்லை.

மறுநாள் விரலெல்லாம் கொப்புளம். அப்புறம் முகம் வீங்கியது. கண் இடுங்கிப் போனது.

பந்தியில் பக்கத்து இலை தள்ளிப் போனது. என்ன சீக்கோ, மறைத்துத்தான் சேர்ந்திருக்கிறார் என்று அடுக்களையில் பேச்சு. ஏட்டையா என்பதே நிஜமா, யார் கண்டது என்றும் ஒருவர் கேட்டார்.

சாயங்காலம் நாலைந்து பேர் குருவிடம் போனார்கள். எல்லாம் புள்ளி வாங்கியவர்கள். ஏகலிங்கம் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்.

"அவரை அனுப்பிடுங்க சாமி."

"சொரிமுத்துவும் இதைத்தான் சொல்றாரா?"

"அவன் எங்க சாமி வந்தான்? காலையிலேர்ந்து தேங்காய்ப்பால் பிழிஞ்சு பிழிஞ்சு அந்த ஆள் கையில தடவிட்டு இருக்கான். சேங்கொட்டை பட்டுடுச்சுன்னு ஒரு கதை வேற. ரெண்டும் கூட்டுக் களவாணியா இருக்கும்."

குரு கதவுப் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா ஏகலிங்கம்? ரெண்டு பேரையும் அனுப்பிடவா?"

ஏகலிங்கம் உள்ளே வந்தார். கையை மறைக்கவில்லை.

"அனுப்புங்க சாமி. ஆனா என்னை அவரோட அனுப்புங்க."