காத்தாயி வீட்டு மாமரம்

முன்பு ஒரு காலத்தில், நடுவே ஆறு ஓடிய சின்ன நாடு ஒன்று இருந்தது. அங்கே கொல்லை இல்லாத வீடே கிடையாது. குடிசையானாலும் பின்பக்கம் நாலு வாழை நிற்கும், வேலியில் பாகல் படரும், கூரைமேல் சுரைக்காய் கிடக்கும். அந்த நாட்டை விசயவழுதி என்ற அரசர் ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் நாக்கை அடக்கத் தெரியாதவர்.

ஒரு கோடையில் அரசர் வேட்டை முடிந்து ஆற்றைக் கடந்தபோது, ஓடக்காரர் மாசாணத்தின் மனைவி காத்தாயி தன் கொல்லையில் பழுத்த மாம்பழம் ஒன்றைக் கொண்டுவந்து பணிவோடு கொடுத்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் விழும் இடத்தில் தானாக முளைத்த மரத்துப் பழம். அரசர் ஓடத்திலேயே அதைத் தின்றார். கரையேறும்வரை கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தார். அரண்மனைத் தோப்பு முழுக்க மாமரங்கள் இருந்தும் இப்படி ஒரு பழத்தை அவர் கண்டதில்லை. அரண்மனைக்குத் திரும்பியபோது சந்தோஷம் போய் மனக்குறை வந்திருந்தது. தன் நாட்டில், தனக்குத் தெரியாமல், ஓர் ஓடக்காரன் வருஷாவருஷம் இதைத் தின்றுகொண்டிருக்கிறானே என்று நினைத்தார்.

சபையில் அவர் இதைச் சொல்லிக் குறைப்பட்டதும் பிரதானி தேவசிகாமணி எழுந்து ஒரு யோசனை சொன்னார். இனிமேல் எவர் வீட்டுக் கொல்லையில் உண்ணும் பொருள் எது விளைந்தாலும், பருவத்தின் முதல் விளைச்சலை அரசர் சுவைக்க வேண்டும். அதன் பிறகே வீட்டார் அதைத் தொடலாம். மீறினால் பிரம்படி. அரசருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. அன்றே முரசு அறைந்தார்கள்.

விளைச்சலைத் திரட்டிச் சபைக்குக் கொண்டுவரும் பொறுப்பை விகடகவி சொக்கநம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்றும் பிரதானி கேட்டுக்கொண்டார். அதில் ஒரு சூது இருந்தது. அரசரைச் சிரிக்கவைத்தே சொக்கநம்பி பெற்ற செல்வாக்கு பிரதானியின் கண்ணை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஊரார் வாயருகே இருக்கும் பழத்தைப் பிடுங்கினால் ஊர் அவரைத் தூற்றும். மறுத்தால் அரசர் சினம்கொள்வார்.

சொக்கநம்பி மறுக்கவில்லை. கைகட்டி நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "எது விளைந்தாலும் என்று ஆணையில் இருக்கிறது. அப்படியே நிறைவேற்றலாமா?"

"ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் நிறைவேற்றுங்கள், விகடரே" என்றார் பிரதானி.

அந்தக் கணமே சொக்கநம்பிக்கு வழி புலப்பட்டுவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே சிரித்துக்கொண்டார். பௌர்ணமியன்று பெருஞ்சபை கூடும். அண்டை நாட்டுத் தூதர்களெல்லாம் வந்திருப்பார்கள். பிரதானியின் முகத்தில் கரி பூசுவதென்றால் அந்தக் கூட்டத்தின் நடுவில் பூச வேண்டும், அதுவரை எதையும் திரட்டுவதில்லை என்று முடிவு செய்தார்.

அதற்குள் ஊரில் வாழைத்தார்கள் மரத்திலேயே கனிந்து கருத்தன. பலா வெடித்து ஈ மொய்த்தது. காவலர்கள் கொல்லை கொல்லையாகப் புகுந்து பார்த்தார்கள். காத்தாயியின் மாமரத்தடியில் பாதி தின்ற பழம் ஒன்று கிடந்தது. அணில் கடித்தது என்று மாசாணம் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அரசர் ஓடத்தில் தின்ற பழம் ஆணைக்கு முந்தியது, அது கணக்கில் வராது என்றார்கள். சாவடிக்கு இழுத்துப்போய் முதுகு வீங்க அடித்து அனுப்பினார்கள்.

அன்று மாலை காத்தாயி சொக்கநம்பியின் வாசலில் வந்து நின்றாள். "மரத்துக்குக் காவல் இருக்கலாங்கய்யா. அணிலுக்கு யாரு காவல் இருக்கிறது? இன்னொரு அடி அவரு தாங்கமாட்டாரு. ராசாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். மாலைதோறும் அரசரோடு சொக்கட்டான் ஆடுபவர் அவர். அன்றைக்கே, பகடை உருட்டும்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அது வெறும் விண்ணப்பம். பெருஞ்சபையில் நடக்கப்போகும் வேடிக்கை வீணாகிவிடும். "நான் பார்த்துக்கொள்கிறேன், தாயே. நீ போ" என்றார். என்றைக்கு, எப்படி என்று சொல்லவில்லை. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பௌர்ணமி வந்தது. நிறைந்த சபையில் சொக்கநம்பி கூடை கூடையாக இறக்கிவைத்தார். மாம்பழத்துக்காக நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்த அரசர் முன் பச்சைப் பாகற்காயை நீட்டினார். அடுத்து சுண்டைக்காய். பிறகு பிரண்டை. சமைத்துக் கொண்டுவரக்கூடாதா என்று அரசர் முகத்தைச் சுளித்துக் கேட்டார்.

"சமைத்தால் வீட்டார் தொட்டதாகிவிடும், அரசே. தாங்கள் சுவைத்த பிறகுதானே அவர்கள் தொடலாம்?" என்றார் சொக்கநம்பி.

தூதர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் சொந்த ஆணையை மீற அரசருக்கு மனம் வரவில்லை. பச்சைக் கருணைக்கிழங்கைக் கடித்தார். நாக்கும் தொண்டையும் அரித்துக் கண்ணில் நீர் வந்தது. மோர், மோர் என்று கையை ஆட்டினார். சொக்கநம்பி மோரை நீட்டிக்கொண்டே, இது மேலத்தெரு விளைச்சல் மட்டும்தான், மற்றத் தெருக்களின் வண்டிகள் கோட்டைவாசல்வரை நிற்கின்றன, இந்த நல்ல ஆணையை இயற்றிய பிரதானி அவர்களும் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளலாம் என்று பணிவாகச் சொன்னார்.

அரசர் மிச்சக் கிழங்கைப் பிரதானி பக்கம் தள்ளினார். பிரதானி மென்று விழுங்கிய அழகைப் பார்த்து முதலில் தூதர்கள் சிரித்தார்கள், பிறகு சபை சிரித்தது, கடைசியில் அரசரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆணை அங்கேயே ரத்தானது. அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சொக்கநம்பிக்குப் போட்டார்.

மாலையைக்கூடக் கழற்றாமல் சொக்கநம்பி நேராக ஓடத்துறைக்குப் போனார். காத்தாயியிடம் தாமே சொல்ல வேண்டும் என்று ஆசை. கொல்லைப்பக்கம் நுழைந்தவர் வெயிலில் கண் கூச நின்றுவிட்டார். அங்கே எப்போதும் நிழல் இருக்கும்.

மரம் கிடந்தது. முதல்நாள்தான் வீட்டார் தாங்களே வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தில் பால் இன்னும் காயவில்லை. குப்புறப் படுத்திருந்த மாசாணத்தின் முதுகில் மறுபடியும் புதுத் தடிப்புகள் இருந்தன. வெட்டிய மரத்துக் காய் விளைச்சல் ஆகாது என்று காவலர்கள் விட்டுப்போன மாங்காய்களைக் காத்தாயி பெரியதும் சிறியதுமாகக் குவித்துவைத்து உப்பில் போட அரிந்துகொண்டிருந்தாள்.

ஆணை ரத்தானதை அவர் சொன்னார். அவள் அரிவதை நிறுத்தவில்லை.

"நல்லதுங்கய்யா. மத்தவங்க வீட்டு மரமாவது தப்பிச்சுதே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவரு மறுபடி அடிபட்டதும் வெட்டச் சொல்லிட்டேன். இன்னும் ஒரு நாள்னு சொல்லியிருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

சொக்கநம்பி முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய, காவலர்கள் கண்டால் திருட்டு என்பார்கள் என்று அவள் வாங்க மறுத்துவிட்டாள்.

மறுகோடையில் ஒரு மாலை, சொக்கட்டான் ஆடும்போது அரசருக்கு அந்தப் பழம் நினைவுக்கு வந்தது. ஓடக்காரன் வீட்டு மாமரம் இந்த வருஷம் காய்த்திருக்கிறதா என்று கேட்டார்.

சொக்கநம்பி பகடையைக் கீழே வைத்தார். "அந்த மரம் இல்லை, அரசே. நான் பெருஞ்சபைக்காகக் காத்திருந்தேன். தங்களையும் சபையையும் சிரிக்கவைக்க ஆசைப்பட்டேன். அதற்குள் அவர்கள் வெட்டிவிட்டார்கள்" என்றார்.

அரசர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு வாட்டமான முகத்தை வைத்துக்கொண்டு அவர் இதுவரை ஒரு விகடமும் சொன்னதில்லை. அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிச் சொக்கநம்பியின் கையில் வைத்தார்.