கடைசி வரிசை

பொங்கியண்ணனுக்கு அன்றைக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொல்லிமலை அடிவாரத்து மடத்தில் துறவு வாங்கிக்கொள்வதென்று முடிவு செய்து வந்திருந்தார். கோழித் தீவன வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டாயிற்று. மகள் கல்யாணமும் முடிந்தது. பாக்கி ஒன்றுதான். கல்யாணமானவர் அந்த மடத்தில் காவி வாங்குவதென்றால், மனைவி நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

மனைவி மைனாவதி வந்திருந்தாள். வண்டியை விட்டு இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக இப்படிச் செய்கிறாளே என்று பொங்கியண்ணனுக்கு எரிச்சலாக வந்தது. அதை வெளியே காட்டாமலிருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மடத்துச் சிற்றம்பல சாமி அவரைவிட வயதில் இளையவர். என்ன அவசரம் என்று கேட்டார்.

"வீட்டுல அமைதி இல்லீங்க சாமி. எது வந்தாலும் நான் ஆடறதில்லீங்க. அவளுக்குத்தான் எந்நேரமும் ஏதாவது ஒண்ணு. நான் இவ்வளவு நிதானமா இருந்தும் வீடு ஏனுங்க இப்படி இருக்குது?"

சாமி எழுந்தார். நேரே கிணற்றடிக்குப் போய், சம்மதமா என்று மைனாவதியைக் கேட்டார். பதில் சொல்கிறேன், ஆனால் எதுவானாலும் திரும்பும்போது அந்த வண்டியில் ஏற மாட்டேன், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள் அவள்.

வண்டிக்கு என்ன என்றார் சாமி.

பொங்கியண்ணன் முந்திக்கொண்டு விளக்கினார். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி, குடும்பத்துக்கென்றே வாங்கியது. சில வருசத்துக்கு முன்னால் ஆட்டம் அதிகமாயிற்று. மெக்கானிக் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, அதிர்வைத் தாங்கும் நாலு ஷாக் அப்சார்பரிலும் ஆயில் கசிகிறது, நாலையும் மாற்றிவிடலாம் என்றார். இவர் முன்னால் இருக்கிற இரண்டை மட்டும் மாற்றினார். அதற்கப்புறம் ஸ்டியரிங்கில் ஒரு அதிர்வு கிடையாது.

"பின்னால?"

"பின்னால யாருங்க சாமி உக்கார்றாங்க? இவ மட்டுந்தான்."

அதற்கும் நியாயம் வைத்திருந்தார். வண்டி ஓட்டும்போது அவர் மனசுக்குள் ஜபம் செய்வார். பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் பேச்சு வரும், ஆகாது. நடு வரிசை அப்பா காலை நீட்டிக்கொள்ள இருந்தது. அப்பா காலமான பிறகு அதில் தீவன மூட்டை ஏறியது. இன்றைக்கு மடத்துக்கு அரிசி மூட்டை. மிச்சமிருப்பது கடைசி வரிசைதானே?

சாமி ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றார். பொங்கியண்ணன் உற்சாகமாக எழுந்தார். சாமி மைனாவதியைப் பார்த்து, ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்.

"லைசென்ஸ் இருக்குதுங்க சாமி. சாவிதான் கைக்கு வந்ததில்ல."

சாமி கையை நீட்டினார். பொங்கியண்ணன் சாவியைக் கொடுத்தார். சாமி அதை அவளிடம் கொடுத்துவிட்டு, பின் கதவைத் திறந்து பொங்கியண்ணனைக் கடைசி வரிசையில் ஏறச் சொன்னார். தாம் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

பொங்கியண்ணனுக்கு முழங்கால் நெஞ்சைத் தொட்டது. ஊர் தாண்டுவதற்குள்ளேயே வேகத்தடை வந்தது. முன்பக்கம் அலுங்காமல் ஏறி இறங்கியது. பின்பக்கம் அவரைத் தூக்கிப் போட்டது. தலை கூரையில் இடித்தது. தடை தாண்டிப் போன பிறகும் வண்டியின் பின்பாதி அடங்காமல் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருந்தது. அடங்குவதற்குள் அடுத்த பள்ளம். இடுப்பில் ஏதோ சுளுக்கிக்கொண்டது.

மெல்லப் போ என்றார். அது அவள் காதில் விழவில்லை போலிருந்தது. இன்னொரு முறை சொன்னார். மூன்றாவது பள்ளத்தில், எதற்கும் ஆடாத பொங்கியண்ணன் தொண்டை கிழியக் கத்தினார்.

"மெல்லப் போடீ! மனுசன் உக்காந்திருக்கறது தெரியலையா?"

மைனாவதி கண்ணாடியில் பார்த்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"மெல்லத்தானுங்க போறேன். இங்க ஒண்ணுமே தெரியலைங்க."

பக்கத்தில் சாமி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

மடத்துக்குத் திரும்பியதும் பொங்கியண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். சாமி மறுபடியும் மைனாவதியிடம் சம்மதமா என்று கேட்டார்.

அழுவாள், வேண்டாம் என்பாள், தாம் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் பொங்கியண்ணன் வீட்டிலிருந்தே எண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

"சம்மதமுங்க சாமி," என்றாள் அவள். குரலில் கோபம் துளியும் இல்லை. "எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் பொங்கியண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளைப் பார்க்க முடியாமல் சாமியைப் பார்த்தார்.

"இத்தனை வருசம் அதுல உக்காந்து வந்திருக்கறா. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேங்க சாமி."

"சொன்னாங்க," என்றார் சாமி. "அதைத்தான் நீங்க வீட்டுல அமைதி இல்லைன்னீங்க."